ஹைபர்டென்ஷனில் இருக்கும் டென்ஷன்

ரத்த அழுத்தம் பார்க்கிற எந்தக் கிளினிக்கிலும் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: "நான் எதுக்குமே டென்ஷன் ஆகமாட்டேன் டாக்டர், எனக்குப் போய் எப்படி பிரஷர் வரும்?" இதன் மறுபாதியும் உண்டு: "பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு சார், இப்ப டென்ஷனே இல்ல. அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்." முதலாமவர் 160/100 காட்டும் மெஷினைப் பழுது என்கிறார். இரண்டாமவர் பிரஷர் எகிறிக்கொண்டிருப்பதே தெரியாமல் நடமாடுகிறார். இரண்டு பேரையும் கெடுத்தது ஒரே சொல். ஹைபர்டென்ஷன் என்ற பெயரில் இருக்கும் 'டென்ஷன்' ரத்தம் குழாய்ச் சுவரை விறைக்க வைக்கிற விசை. லாரியில் சரக்கைக் கட்டும் கயிற்றில் இருக்கிறதே, அந்த விறைப்பு. மகன் ஃபோனை எடுக்கவில்லை என்றால் வருகிற டென்ஷன் அல்ல. தமிழ்ப்படுத்தியும் தப்பிக்க முடியவில்லை. இரத்த அழுத்தம், மன அழுத்தம் என்று அண்ணன் தம்பி போலப் பெயர் வைத்துவிட்டோம். போதாக்குறைக்கு மனச்சோர்வு நோயையும் சிலர் மன அழுத்தம் என்றே எழுதுகிறார்கள்.

சரி, "பிரஷருக்கும் டென்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை" என்று திருத்திச் சொல்லி முடித்துவிடலாமா என்றால், அதுவும் உண்மையில்லை. சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. மருந்துச் சீட்டின் அடியில் "உப்பைக் குறைக்கவும், டென்ஷனைக் குறைக்கவும்" என்று ஒரே மூச்சில் எழுதித் தருவதில்தான் என் உறுத்தல் தொடங்குகிறது. உப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது: உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். டென்ஷனை எந்த ஸ்பூனால் அளப்பது? யாருடைய அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைப்பது?

வயிற்றில் கரைகிற புளி

உடம்புக்குள் நடப்பதைத் தமிழ் முன்பே கவனித்து வைத்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நா வறண்டுபோகிறது, கை சில்லிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரான உடலியல் விளக்கம் உண்டு. 1890களின் கடைசியில் ஹார்வர்டில் வால்டர் கேனன் பூனைகளுக்கு, எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிகிற பிஸ்மத் உப்பு கலந்த உணவைக் கொடுத்து இரைப்பையின் அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ இரைப்பை அசைவதை நிறுத்திவிட்டது. ஆபத்து வந்தால் உடம்பு செரிமானத்தை ஒத்திப்போடுகிறது, ரத்தத்தைத் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் இழுத்துத் தசைக்கு அனுப்புகிறது. கை சில்லிடுவதும் வயிறு கலங்குவதும் அந்த இடமாற்றம்தான். இது நரம்பு வழி நடக்கும் வேலை, சில நொடிகளில் முடிந்துவிடும். அட்ரினலின் அதற்கு ஒத்து ஊதும்.

இரண்டாவது வழி கொஞ்சம் மெதுவானது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்ல, அவை கார்டிசால் என்ற ஹார்மோனை விடுகின்றன. சம்பவம் தொடங்கி 20, 30 நிமிடங்களில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரும். கார்டிசால் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கும், தசையிலிருந்து புரதத்தை உருவி அதற்கு மூலப்பொருளாகத் தரும், ரத்தக் குழாய்கள் அட்ரினலினுக்கு இன்னும் கூர்மையாகப் பதில் சொல்லும்படி செய்யும். கடைசியாக, மூளைக்கே திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்றும் சொல்லும். தன்னைத் தானே அணைத்துக்கொள்கிற அடுப்பு. நாய் துரத்தினால் ஓடி, கேட்டைச் சாத்தி, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ஏற்றத்தால் ஆரோக்கியமான உடம்புக்குப் பெரிய கெடுதல் எதுவும் இல்லை.

கெடுதல் இறக்கத்தில் இருக்கிறது, அதாவது இறங்காமல் போவதில். அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்கீவன் 1993இல் எலியட் ஸ்டெல்லருடன் சேர்ந்து இதற்கு 'அலோஸ்டாட்டிக் லோட்' என்று பெயர் வைத்தார். சமாளித்துச் சமாளித்தே உடம்பில் ஏறும் தேய்மானம் என்று புரிந்துகொள்ளலாம். நாய் ஓடிவிட்டது, ஆனால் கேட் இன்னும் திறந்து கிடக்கிறது, நாய் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் உடம்பு எதை நம்பி இறங்கும்? சர்க்கரை தயாராகிக்கொண்டே இருக்கிறது, ஓட்டம் இல்லாததால் செலவழிவதில்லை. இன்சுலின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்கிறது. கார்டிசாலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அந்தக் கொழுப்பில்தான் அதிகம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை. சோறும் நாற்காலியும் தங்கள் பங்கைச் செய்கின்றன.

தூக்கம் இந்த இடத்தில் நடுவே நிற்கிறது. ஆரோக்கியமான உடம்பில் கார்டிசால் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். சிகாகோவில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். மாலைநேரக் கார்டிசால் உயர்ந்தது, ரத்தத்தில் ஏற்றிய குளுக்கோஸை உடம்பு அப்புறப்படுத்தும் வேகம் தளர்ந்தது. ஆறே இரவுகள், இள வயசு, நோய் எதுவும் இல்லை. அதேபோல இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் தாழ வேண்டும். அது தாழாதவர்களுக்கு இதயத்திலும் மூளையிலும் ஆபத்து கூடுதல். பகலில் கிளினிக்கில் பார்த்த எண் இதைச் சொல்லாது.

நோய் எதிர்ப்பு பற்றிப் பொதுவாக "டென்ஷன் இம்யூனிட்டியைக் குறைக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் சிக்கலான விஷயம். ஒஹாயோவில் 1995இல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்ன வட்டக் காயம் செய்தார்கள். அதே வயதுள்ள, அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் அதிகமாயிற்று. அப்படியென்றால் எதிர்ப்பு குறைந்தது என்றுதானே அர்த்தம்? பாதி சரி. மறுபக்கம், கார்டிசாலின் "போதும்" என்ற குரலை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு எதிர்ப்பணுக்கள் காது மந்தமாகிவிடுகின்றன. அப்போது அழற்சி அடங்காமல் கனன்றுகொண்டிருக்கும். காயத்தை ஆற்றவேண்டிய இடத்தில் ஆள் இல்லை, ரத்தக் குழாய்ச் சுவரில் தேவையில்லாத கூட்டம். மாரடைப்புக்கு வழிபோடும் கொழுப்புப் படிவு வெறும் கொழுப்பால் ஆனதில்லை, அழற்சியும் சேர்ந்ததுதான்.

அல்சர் கதையும் இப்படித்தான். அல்சர் என்றால் டென்ஷன் என்று உலகமே நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 1982இல் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள், 2005இல் நோபல் வாங்கினார்கள். உடனே டென்ஷனுக்கு முழு விடுதலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் 1995இல் ஜப்பானின் கோபே பகுதி நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் கூடின, பெரும்பாலும் பைலோரி ஏற்கெனவே இருந்தவர்களிடம். கிருமி உள்ளே காத்திருந்தது, கதவு பிறகு திறந்தது. நம்மூரில் அந்தக் கதவைத் திறக்க இன்னொரு கை உண்டு: தலைவலிக்கு வெறும் வயிற்றில் போடும் வலி மாத்திரை, அதன்மேல் ஒரு காபி.

நாற்காலியில் கட்டிய குரங்குகள்

இதுவரை சொன்னதெல்லாம் "எப்படி" என்பது. "யாருக்கு" என்ற கேள்வியில்தான் விஷயம் திசைமாறுகிறது. பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கே டென்ஷன், அவர்களுக்கே ஹார்ட் அட்டாக் என்பது இன்றைக்கும் உலவும் நம்பிக்கை. இதற்கு அறிவியல் முத்திரை குத்தியது அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி செய்து 1958இல் வெளியான ஒரு சோதனை. குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் கட்டினார்கள். ஒரு குரங்கு லீவரை அழுத்திக்கொண்டே இருந்தால் ஷாக் தள்ளிப்போகும். மற்ற குரங்குக்கு லீவரால் பயன் இல்லை. முதல் குரங்குக்கு விழும் ஷாக் இதற்கும் விழும். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. லீவர் பிடித்த 'எக்ஸிகியூட்டிவ்' குரங்குகள் புண் வந்து செத்தன. சும்மா இருந்தவை தப்பித்தன. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். மேனேஜர்கள் பாவம், பியூன்கள் கொடுத்துவைத்தவர்கள்!

ஓட்டை தேர்வு செய்த முறையில் இருந்தது. மொத்தமே நாலு ஜோடி. எந்தக் குரங்கு லீவரை வேகவேகமாக அழுத்துகிறது என்று முன்கூட்டியே பார்த்து, அதையே எக்ஸிகியூட்டிவ் ஆக்கியிருந்தார்கள். ஏற்கெனவே பதற்றமான குரங்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பதவியால் பதறியது என்று முடிவு கட்டினார்கள். பிறகு ஜே வைஸ் எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. ஷாக்கைத் தவிர்க்க வழி இருந்த எலிகளுக்குப் புண் குறைவு. அதே அளவு ஷாக் வாங்கியும் கையில் எதுவும் இல்லாத எலிகளுக்குப் புண் அதிகம். ஷாக் வரும் முன் ஓர் ஒலி கொடுத்து எச்சரித்தாலே புண் குறைந்தது. அந்த ஒலியால் ஷாக் ஒரு துளியும் குறையவில்லை. எப்போது வரும் என்று தெரிந்தது, அதனால் மற்ற நேரத்தில் உடம்பு இறங்க முடிந்தது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவக் கூடாதுதான். ஆனால் மனிதர்களின் கணக்கு லண்டனில் தயாராகிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் பகுதியின் பெயரில் 1967இல் தொடங்கிய ஆய்வு, சுமார் 18,000 ஆண் ஊழியர்களைத் தொடர்ந்தது. இதில் யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை, சுரங்கத்தில் உழைப்பவர் இல்லை. எல்லோருக்கும் ஒரே அரசு மருத்துவ சேவை. மேலிருந்து கீழே படிப்படியாக இறங்க இறங்க இதய நோயால் சாவது படிப்படியாகக் கூடியது. கடைசிப் படியில் இருந்த பியூன்களும் வாயிற்காவலர்களும் உச்சப் படியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் செத்தார்கள். சிகரெட், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இந்த வித்தியாசத்தின் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 10,308 பேர், பெண்களும் உண்டு. இந்த முறை வேலையின் தன்மையையும் கேட்டார்கள்: எப்போது இடைவேளை எடுப்பது, எந்த வேலையை முதலில் செய்வது, இதிலெல்லாம் உங்கள் பேச்சு எடுபடுமா? எடுபடாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. 14 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வேலை நெருக்கடியைச் சொன்னவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் சேர்ந்து வரும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இண்டர்ஹார்ட் ஆய்வும் வேலையில் ஓயாத நெருக்கடி இருந்ததாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்றது. ஆனால் அங்கே கேள்வியைக் கேட்டது மாரடைப்பு வந்த பிறகு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவரிடம் காரணம் கேட்டால் மனசு எதையாவது தேடிக் கொடுக்கத்தான் செய்யும். வைட்ஹாலில் நோய் வரும் முன்னாலேயே கேட்டுவிட்டார்கள், எனக்கு அது கனமாகத் தெரிகிறது. இண்டர்ஹார்ட்டிலிருந்து நாம் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டி வந்தது, மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டி.

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் இன்றைய பொருளைக் கொடுத்தவர் ஹான்ஸ் செல்யே. மான்ட்ரியாலில் 1936இல் எலிகளை வைத்துத் தொடங்கியவர். அவர் பின்னாளில் சிகரெட் கம்பெனிகளிடம் நிதி பெற்றது, வழக்குகளால் வெளியே வந்த ஆவணங்களில் இருக்கிறது. மாரடைப்புக்கு டென்ஷன் காரணம் என்றால் சிகரெட்டின் மீது பழி குறையும் அல்லவா? டென்ஷன் என்ற பதில் யாருக்கு வசதி என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

எட்டு மணி ரத்தம்

சமீப காலமாக இன்னொரு வழக்கம்: "கார்டிசால் டெஸ்ட் எடுத்து என் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று பார்க்கலாமா?" பார்க்க முடியாது. காலை எட்டு மணிக்கு எடுக்கும் ரத்தக் கார்டிசாலின் இயல்பு அளவு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். ஐந்து மடங்கு அகலமான இந்த வாசலில் உங்கள் ஆபீஸ் பிரச்சினை எந்த மூலையில் நிற்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஊசியைப் பார்த்துப் பயந்தாலே எண் ஏறும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஏற்றிக் காட்டும். மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, தோலில் மாதக்கணக்கில் தடவிய களிம்பு, லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடியில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு, இவையெல்லாம் இறக்கிக் காட்டும். (அப்படிப்பட்ட பொடியை நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. அட்ரினல் தூங்கிப்போயிருக்கும், டாக்டர் மேற்பார்வையில்தான் இறக்க வேண்டும்.) நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்குக் கடிகாரத்தின் எட்டு மணி உடம்பின் எட்டு மணியே அல்ல.

கார்டிசால் பரிசோதனை, கார்டிசால் மிஞ்சிப்போகும் குஷிங், வற்றிப்போகும் அடிசன் போன்ற சுரப்பி நோய்களுக்கானது. விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்பு வரிகள் வயிற்றில் வந்திருந்தால், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனால், குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாவிட்டால் குஷிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் தனி ஒரு காலை ரத்தம் போதாது. இரவு 11 மணிக்கு, கார்டிசாலைப் போலவே மூளைக்குப் "போதும்" சொல்லும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 1 மில்லிகிராம் கொடுத்து, மறுநாள் காலை 8 முதல் 9க்குள் ரத்தம் எடுத்து, கார்டிசால் 1.8க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாருங்கள், அங்கேயும் கேள்வி எவ்வளவு ஏறியது என்பதில்லை, இறங்குகிறதா என்பதே. 'அட்ரினல் சோர்வு' என்று சொல்லி டப்பா டப்பாவாக விற்கும் கேப்சூல்களுக்குப் பின்னால் அங்கீகரிக்கப்பட்ட நோய் எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் வீட்டில் அளந்து பயன்படும் எண் ரத்த அழுத்தம்தான், அதைத்தான் தப்பாக அளக்கிறோம். மேல்கையில் கட்டும் மெஷின் வேண்டும். பட்டையின் மீது அச்சிட்ட சுற்றளவைப் பாருங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கு. பெரிய கைக்கு அதைக் கட்டினால் எண் பொய்யாக ஏறும். சிறுநீர் கழித்துவிட்டு, காபி டீ சிகரெட் குடித்து அரை மணி நேரம் கழித்து, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பட்டை இறுகும்போது "எவ்வளவு காட்டுது?" என்று கேட்டால் கேட்டதற்கே ஏறும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். இரவும் அதேபோல இரண்டு. ஏழு நாள் எடுத்து, முதல் நாளைத் தள்ளி, மீதி 24 எண்களின் சராசரி பாருங்கள். வீட்டில் 135/85க்கு மேலிருந்தால் அது உயர் ரத்த அழுத்தம், மனசு எவ்வளவு அமைதியாக இருந்தாலும். கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் இயல்பாக இருப்பவர்கள் உண்டு. கிளினிக்கில் இயல்பாக இருந்து வேலை இடத்தில் ஏறுபவர்களும் உண்டு, இவர்கள் தப்பிவிடுகிறார்கள். அதனால் அதே வாரத்தில் இரண்டு நாள் வேலை இடைவேளையிலும் எடுத்து, பக்கத்தில் முந்தைய இரவு தூங்கிய மணி நேரத்தை எழுதிவைத்தால் டாக்டருக்கு ஏதோ ஒன்று புலப்படும். 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் எதுவும் சேர்ந்தால் சராசரி போட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்து வியர்த்தவரை "டென்ஷன்தான், கொஞ்சம் படு" என்று படுக்க வைத்து இழந்த நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது. பெண்களையும் சர்க்கரை நோயாளிகளையும் இந்த வாக்கியம் அதிகம் பாதிக்கிறது, அவர்களுக்கு வலி நெஞ்சில் வராமல் தாடையிலோ முதுகிலோ வெறும் அசதியாகவோ வருவது உண்டு.

மூச்சுப் பயிற்சி உதவுமா என்றால், கொஞ்சம். ஐந்து நொடி உள்ளே, ஐந்து நொடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, பத்து நிமிடம். அந்த வேகத்தில் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயல் நன்றாக இயங்குகிறது, சில புள்ளிகள் இறங்கும். மாத்திரைக்கு மாற்று இல்லை. இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே எட்டு மணி நேரம்கூட விடாத மேஸ்திரிக்கும் மாற்று இல்லை.

சீட்டில் "டென்ஷனைக் குறைக்கவும்" என்று எழுதும் இடத்தில் மூன்று கேள்விகள் கேட்கலாம்: அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று உங்களுக்கு எப்போது தெரியும்? நடுவில் எழுந்து போக யாரிடமாவது கேட்க வேண்டுமா? வீட்டில் படுத்திருப்பவரை இரவு நீங்கள் ஒருவரே பார்க்கிறீர்களா? பதில்களை டாக்டர் மாற்ற முடியாது. ஆனால் மாத்திரையை எந்த வேளைக்கு எழுதுவது, எந்த நேரத்தில் அளக்கச் சொல்வது, வேலை இடத்துக்கு என்ன சான்றிதழ் கொடுப்பது என்பதெல்லாம் அந்தப் பதில்களைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடை போன்ற இடங்களில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று. கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. இதை எல்லோரும் கால்வலிச் சட்டம், நரம்புச் சுருட்டுச் சட்டம் என்று படித்தார்கள். அதுவும்தான். ஆனால் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள வகை செய்வதுதான் அதன் சாரம். எப்போது உட்காருவது என்பது கவுண்டரில் நிற்கும் பெண்ணின் கையில். எக்ஸிகியூட்டிவ் குரங்கின் லீவரில் ஒரு துண்டு. அடுத்த முறை புடவை எடுக்கப் போனால் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், ஸ்டூல் இருக்கிறதா என்று. இருந்தால், அதன்மேல் புடவைக் கட்டு அடுக்கியிருக்கிறதா என்றும்.